வாயிலை நோக்கித் திரும்புதல்

1492இல் ஸ்பெயின் நாடு யூதர்களை வெளியேற்றியது. அத்துயரின் நிழலில், 16ஆம் நூற்றாண்டில், சபேத் நகரத்து மறைஞானி சலோமோ அல்கபெட்ஸ் எபிரேய மொழியில் யாத்த பாட்டு ‘லெகா தோதி’. வெள்ளிக்கிழமை மாலை பிறக்கும் ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் இப்பாட்டு 9 கண்ணிகளை உடையது.

இதனை நம் நாயகி பாவத்தோடு ஒப்பிடுவோர் உளர். ஒப்புமை ஓரளவே பொருந்தும். ஆழ்வார் பாசுரங்களில் ஏங்கும் தலைவி ஆன்மா, தலைவன் இறைவன். இங்கு மணமகளாக வருவதோ ஒரு பொழுது. கப்பாலா மரபில் அவள், நாடிழந்த மக்களோடு உடன்செல்லும் இறைமையுமாவாள். நம் அடியார்கள் தலந்தோறும் சென்று பாடினர். தலத்தை இழந்தோர்க்கு இப்பாட்டு பொழுதையே கோயிலாக்கித் தருகிறது.

எனினும் நடுக்கண்ணிகள் ஆறும் பாழ்பட்ட எருசலேமை விளித்துத் தேற்றுகின்றன. மங்கலப் பாட்டில் இத்துணைத் துயரம் மிகையன்றோ எனலாம். அன்று, இழந்ததை மறைக்காமல் மகிழ்வதே இதன் மெய்ம்மை. இறுதிக் கண்ணியில் பாடுவோர் அனைவரும் வாயிலை நோக்கித் திரும்பி நின்று அவளை எதிர்கொள்வர்.

தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஆகவே நமக்கு இங்கும் தலம் உண்டு. வாரத்தில் ஒரு மாலையேனும் பிள்ளைகளோடு கூடியமர்ந்து தமிழ் பாடும் பொழுது உண்டா? இப்பாட்டு நம்மிடம் எழுப்பும் வினா அதுவே.