நீதிமொழிகளை எப்படி வாசிப்பது?

விடியற்காலையிலேயே எழுந்து பக்கத்து வீட்டுக்காரரை உரத்த குரலில் வாழ்த்தினால், அந்த வாழ்த்து சாபமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இந்தக் கருத்தைச் சொல்லும் வசனம் பைபிளில் இருக்கிறது: நீதிமொழிகள் 27ஆம் அதிகாரம், 14ஆம் வசனம். பக்தி நூல் என்று பயபக்தியோடு திறந்தவர்கள் இங்கே சிரித்துவிடுவார்கள். தாராளமாகச் சிரிக்கலாம். அன்றாட வாழ்வுக்கு ஞானம் தேடும் கிறிஸ்தவர் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் இந்தப் புத்தகம்தான்.

மொத்தம் 31 அதிகாரங்கள். தேதிக்கு ஓர் அதிகாரம் என்று மாதம் முழுக்க வாசிக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் எல்லா அதிகாரங்களையும் ஒரே வேகத்தில் வாசித்தால் ஒன்றும் தங்காது. முதல் ஒன்பது அதிகாரங்கள் தகப்பன் மகனுக்குச் சொல்லும் நீண்ட அறிவுரைகள். ஞானம் ஒரு பெண்ணாக வந்து தெருவிலும் ஊர் வாசலிலும் நின்று கூப்பிடுகிறாள். இவற்றை ஓட்டமாக வாசிக்கலாம். 10ஆம் அதிகாரத்தில் நடை மாறுகிறது. அங்கிருந்து 22ஆம் அதிகாரம் 16ஆம் வசனம் வரை 375 தனித்தனி மொழிகள். பெரும்பாலும் இரண்டே அடி.

இங்கே ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். முதல் அடியை வாசித்ததும் நிறுத்தி, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். 10ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். பகை சண்டையைக் கிளப்பும் என்பது முதல் அடியின் கருத்து. அன்பு சண்டையைத் தீர்க்கும் என்றுதானே அடுத்து எதிர்பார்ப்போம்? அன்பு குற்றங்களை மூடிவிடும் என்று போகிறது. சண்டை தீர்ந்து பத்து வருடமாகியும், கல்யாண வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்பதை மறக்காத உறவுகள் நம்மிடம் எத்தனை! பேதுருவும் தன் முதல் நிருபத்தில் இதே கருத்தை எடுத்து ஆள்கிறார். நாம் எதிர்பார்த்ததற்கும் அங்கே எழுதியிருப்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் பாடம் இருக்கிறது.

26ஆம் அதிகாரத்தின் 4, 5ஆம் வசனங்களில் நிச்சயம் நிற்க வேண்டும். மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது ஒன்று. பதில் சொல் என்கிறது மற்றொன்று. அடுத்தடுத்து! இப்படி முரண்படுவதால் இந்தப் புத்தகத்தையே விலக்கிவைக்க அறிஞர்கள் எண்ணியதாக யூதர்களின் மறைவிளக்க நூலான தால்முத் சொல்கிறது. நல்லவேளை, விலக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஏதோ எழுதுகிறார். பதில் போடுவதா, பேசாமல் இருப்பதா? இரண்டுக்கும் இங்கே வசனம் உண்டு. இன்றைக்கு எது, யாரிடம் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டிருக்கிறது இந்தப் புத்தகம்.

அதனால்தான், இந்த மொழிகளை வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்து உத்தரவாதமாகக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையை நல்வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதை விட்டு விலகமாட்டான் என்ற கருத்துடைய 22:6ஐச் சொல்லிக்கொண்டே, வழிதவறிய மகனுக்காகத் தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். அது உலகம் பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று சொல்லும் பழமொழி. அப்படி நடக்காத வீட்டுக்கென்றே, நல்லவன் துன்பப்படுவதைப் பேசும் யோபுவின் புத்தகம் அதே வேதாகமத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

கடைத்தெருவை இந்தப் புத்தகம் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறது என்பதும் ரசிக்க வேண்டிய விஷயம். வாங்க வந்தவர் சரக்கு மட்டம், மட்டம் என்று விலையைக் குறைக்கிறார்; வாங்கிப்போன பிறகு பெருமையடித்துக்கொள்கிறார் (20:14). பிறர் கடனுக்கு ஜாமீன் நின்றவனிடம், தூங்காதே, இப்போதே போய்க் கெஞ்சி உன்னை விடுவித்துக்கொள் என்கிறது 6ஆம் அதிகாரம். ஜெபமும் தராசும் ஒரே கடவுளின் முன்னால்தான் இருக்கின்றன என்பது இதன் நம்பிக்கை.

கடைசி அதிகாரம் லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்னது என்று தொடங்குகிறது. அதன் இறுதி 22 வசனங்கள் குணசாலியான பெண்ணைப் புகழ்பவை; எபிரேய அகரவரிசையில் அமைந்தவை. ஆத்திசூடி படித்த நமக்கு அந்த அமைப்பு அந்நியமில்லை. கல்யாணங்களில் மணப்பெண்ணுக்கு வேலைப் பட்டியலாக இதை வாசிப்பது வருத்தமளிக்கிறது. அந்தப் பெண் நிலத்தை விசாரித்து வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி விற்கிறாள், ஏழைக்குக் கை நீட்டுகிறாள். யூத வீடுகளில் வெள்ளி இரவு இதை மனைவியைப் போற்றிப் பாடுகிறார்கள். ஆண்களும் தங்களுக்கான பாடமாக இதை வாசிக்கலாம்.

வாசித்தது பிடித்துப்போனால் சுவிசேஷங்களுக்குப் போங்கள். அரசன் முன்னால் முந்திக்கொண்டு பெரியவர்கள் இடத்தில் நிற்காதே என்ற 25ஆம் அதிகாரத்து அறிவுரை, லூக்கா 14இல் விருந்துப் பந்தியில் கடைசி இடத்தில் உட்காரச் சொல்லும் இயேசுவின் உவமையாக விரிகிறது. ஞானம் குறைவாயிருந்தால் கடவுளிடம் கேட்கலாம், அவர் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று யாக்கோபு எழுதுகிறார்.

ஆகவே இன்று என்ன தேதியோ அந்த அதிகாரத்தை எடுங்கள். முழுதும் வாசித்துவிட்டு, உங்களை எந்த வசனம் சங்கடப்படுத்துகிறதோ அந்த ஒன்றை மட்டும் வேலைக்குப் போகும்போது மனதில் கொண்டுபோங்கள்.