பின்வரிசைக் குரலும் மலையக இலக்கியமும்

பாராளுமன்றத்தின் பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுகிறார். தம் தொகுதியின் தோட்டத்திலே டிஸ்பென்சரி உண்டு, வைத்தியர் இல்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்கிறார்கள். மழை வந்தால் பாதையே இல்லை என்கிறார். கவனிக்கப்படும் என்று பதில் வருகிறது. சபை அடுத்த அலுவலுக்குச் செல்கிறது. மலையகத்தைப் பொறுத்தவரை இது ஒரு நாளின் காட்சி அன்று. தலைமுறைகளாகத் தொடரும் காட்சி.

இதனை இலக்கிய ஏட்டிலே பேசுவானேன் என்று கேட்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். மகஜர் வேறு, இலக்கியம் வேறு என்பது அவர்கள் வாதம். பிற இடங்களில் அவ்வாதம் எடுபடலாம்; மலையகத்தில் எடுபடாது. அங்கே சட்டசபையில் முறையிட்டவரும் எழுத்துக்கு அடிகோலியவரும் ஒருவரே என்பது வரலாறு. கோ. நடேசய்யரும் சி. வி. வேலுப்பிள்ளையும் அதற்குச் சான்று. இவ்விருவரின் எழுத்தையும் அவர்கள் அமர்ந்த ஆசனத்தோடு சேர்த்து மதிப்பிடுவதே நேரிய விமர்சனம் என்று நாம் கருதுகிறோம்.

நடேசய்யர் தஞ்சையிலிருந்து வந்தவர். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்திலே புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தவர். 1920களில் சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையிலும் இருந்தவர். சபையில் அவர் பேசியதைத் துரைமார் கேட்டனர்; தொழிலாளி கேட்கவில்லை. இதை உணர்ந்துதான் அவர் பத்திரிகை நடத்தினார்; துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் அறிந்த மெட்டுகளிலே பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். அப்பாட்டுகளைக் கலை அளவுகோலால் மட்டும் அளப்போர் குறை காணலாம். செய்தி முந்திக்கொண்டு வர, கவிதை பின்தங்கி நிற்கும் இடங்கள் அவற்றில் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அவை யாரை நோக்கிப் பேசின? தொழிலாளியை நோக்கி. மேலே பார்த்து இரந்த குரல், முதன்முதலாகப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துப் பேசியது. அந்தத் திசைமாற்றமே ஓர் இலக்கிய நிகழ்ச்சியாகும்.

சி. வி. வேறு வகையினர். 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்த அவர், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து தெரிவானார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அத்தேர்தலில் வென்ற ஏழு ஆசனங்களில் அதுவும் ஒன்று. தப்போசையோடு விடியும் தோட்டத்தையும், தேயிலைத் தூரின் கீழே அடையாளமின்றிப் புதையுண்ட முன்னோரையும் பாடும் அவருடைய நெடுங்கவிதை ஆங்கிலத்திலே பிறந்தது. பிறகு சக்தீ பால ஐயாவின் மொழிபெயர்ப்பால் தமிழுக்கு வந்தது.

இங்கேதான் நாம் ஒரு கேள்வியை எழுப்பியாக வேண்டும். ஆங்கிலம் ஆண்ட சபையிலே ஆங்கிலத்தில் முறையிட நேர்ந்ததைப் புரிந்துகொள்கிறோம். கவிதையும் அதே மொழியில், அதே செவிகளை நோக்கிச் சென்றபோது நேர்ந்தது என்ன? தொழிலாளி பாட்டின் பொருளானான், கேட்பவன் ஆகவில்லை. அவனுடைய துயரம் மேன்மையுற்றது. அவனுடைய கோபம் மங்கிற்று. மனு எழுதுவோன், மனுவைப் படிப்போனின் மனம் நோகாதபடி சொல்லைத் தேர்வதைப் போன்ற ஒரு மென்மை அக்கவிதையில் படிந்திருக்கிறது. இது சி. வி.யின் உள்ளத்தில் இருந்த குறையன்று. அவர் நின்று பேசிய இடத்தின் குறை.

அவரே அக்குறையைத் தாண்ட முயன்றார் என்பதுதான் அவர் பெருமை. 1970இல் வந்த ‘போர்ன் டு லேபர்’ ஆங்கில நூலேயாயினும், அதில் பொதுவான துயரத்துக்குப் பதிலாகத் தனித்தனி மனிதர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். தமிழிலே நாவல்கள் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்ட மக்களின் நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மக்களுக்காகப் பேசிய ஒருவர், மக்கள் பேசியதைக் கேட்க உட்கார்ந்தார். பின்வரிசை உறுப்பினர் எவரும் கற்கவேண்டிய பாடம் இது.

ஆனால் அவர் அமர்ந்த ஆசனம் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் மிகப் பெரும்பான்மையோரை வாக்கற்றோர் ஆக்கின. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களும் இல்லாமற் போயின. அதற்குப் பின் 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவாகும் வரை, இடையிடையே நியமனம் கிடைத்ததேயன்றி, மக்கள் வாக்கால் ஒரு பிரதிநிதியும் அங்கிருந்து செல்லவில்லை. கால் நூற்றாண்டு! சபையில் வாய் அடைபட்ட அந்தக் காலத்தில் மலையகச் சிறுகதை தழைத்தது தற்செயலன்று. என். எஸ். எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் அவர்களை ஒத்தோரும் எழுதியபோது, முறையீட்டின் பாரத்தைக் கதை சுமந்தது. மனுவின் குழைவு அதற்குத் தேவைப்படவில்லை; ஏனெனில் பதில் சொல்ல எந்த அமைச்சரும் எதிரே இல்லை.

இனி முறையீட்டின் பொருளுக்கு வருவோம். நானுஓயாவையே எடுத்துக்கொள்வோம். 1885இலேயே ரெயில் பாதை அவ்வூரை எட்டிவிட்டது. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகம் சேர வழி கண்டவர்களுக்கு, லயத்து நோயாளி ஆஸ்பத்திரி சேர வழி காண மனம் வரவில்லை. 2023 ஜனவரியில் நானுஓயாவின் ராதெல்லைக் குறுக்குப் பாதையில் பஸ்ஸும் வேனும் மோதி எழுவர் மாண்டபோதுதான் அந்தப் பாதை நாட்டின் கண்ணில் பட்டது. உயிர் போனபின் கிடைக்கும் கவனம் மலையகத்துக்குப் பழகிப்போன ஒன்று.

இது யாரோ ஓர் அதிகாரியின் அசட்டையால் நேர்வதன்று. காப்பித் தோட்டக் காலத்தில், 1872இலேயே மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. தொழிலாளியின் உடல்நலம் குடிமகனின் உரிமையாக அல்லாமல், தோட்டத்தின் உழைப்புச் செலவாக எண்ணப்பட்டது அப்போது தொடங்கியது. தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு மாறிய பின்னும் அந்த எண்ணம் முற்றாக அகலவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செல்லத் தடையாக நின்றது. அத்தடை நீங்க 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளாவ நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியிலோ 32 பேர். இந்தப் பிள்ளைகளின் உயரத்தில் எழுதப்பட்டிருப்பது 1872இன் கணக்கு என்று சொன்னால் மிகையாகுமா?

ஆகவே, காயத்தைக் காட்டி நிற்கும் பேச்சும் எழுத்தும் நமக்குப் போதா. காயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். ஓர் அம்புலன்ஸ் கேட்பது தவறன்று. அதைக் கட்டாயம் கேட்கவேண்டும். ஆனால் தயவாகக் கேட்டால், தயவு போகும்போது அம்புலன்ஸும் போய்விடும். உரிமையாகக் கேட்கும் உறுப்பினர், அமைச்சரை நோக்கிப் பேசும்போதே தம்மை அனுப்பிய லயத்துக்கும் பதில் சொல்லுகிறார். எழுத்தாளருக்கும் இதுவே அளவுகோல். இரக்கம் தேடும் கதை வாசகரை நல்லவராக்கி அனுப்பிவிடும். காரணம் தேடும் கதை அவரை நிம்மதியாக உறங்கவிடாது.

2024ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகப் பெண்கள் இருவர் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்றனர். கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகளாயிருக்க, அவர்களிலிருந்து ஒரு குரல் அங்கே எழ இத்தனை காலம் பிடித்திருக்கிறது. அக்குரல் எந்தக் கட்சியினதாயினும் நாம் வரவேற்கிறோம், நடேசய்யரையும் சி. வி.யையும் அளந்த கோலாலேயே அதையும் அளப்போம். அது யாரை நோக்கிப் பேசுகிறது, யார் பேச்சைக் கேட்டுவிட்டுப் பேசுகிறது, கேட்பது தயவா உரிமையா என்று பார்ப்போம். மலையகத்தின் அடுத்த நல்ல நாவலும் இக்கேள்விகளுக்கு விடை சொல்லியே பிறக்கவேண்டும்.