இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களும் புள்ளிக் கணக்கும்

ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தாலும், கோலுக்குப் பந்து கடத்தி உதவினாலும் ஒரு புள்ளி. பந்து என்பது இங்கே தட்டையான ரப்பர் வட்டு.

கனடாவின் கியூபெக் இளையோர் லீக்கில், 1992-93இல் அலெக்சாந்தர் டேக் 53 ஆட்டங்களில் 137 புள்ளிகள் எடுத்தார். 1993இல் தேசிய ஹாக்கி லீக்கின் வீரர் தேர்வில் ஒட்டாவா அணி அவரை முதலாவதாக எடுத்தது. அந்த லீக்கில் 616 ஆட்டங்களில் அவர் சேர்த்தவை 327 புள்ளிகளே.

அதே இளையோர் லீக்கில், 2004-05இல் சிட்னி கிராஸ்பி 62 ஆட்டங்களில் 168 புள்ளிகள் எடுத்தார். அவரோ பிட்ஸ்பர்க் அணியுடன் மூன்று முறை ஸ்டான்லி கோப்பையை வென்றார்.

இருவரின் இளையோர் சராசரியும் ஏறத்தாழ ஒன்றே: ஆட்டத்துக்கு 2.6, 2.7. ஆகவே புள்ளி மட்டும் இவர்களைப் பிரித்துக் காட்டவில்லை. பதின்வயதினரிடையே வேகம் ஒன்றே கோல் தரலாம். முதிர்ந்த வீரர்களிடம் அது போதாது. எத்தனை புள்ளி என்பதோடு, எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.