மேபரியும் மவுண்ட் ஏரியும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில், மவுண்ட் ஏரி என்று ஒரு சிற்றூர். கிரானைட் குவாரி, காலுறை ஆலைகள், புகையிலை என்று பிழைத்த ஊர். இதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று மேபரி: இவ்வூரில் 1926இல் பிறந்த ஆண்டி கிரிஃபித் நடித்து, 1960 முதல் 1968 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரின் கற்பனை ஊர். மவுண்ட் ஏரியின் சாயலில் அமைந்தது என்று பரவலாக நம்பப்படுவது, எழுப்பப்பட்டதோ கலிஃபோர்னியாவில். மற்றது 1948 பிப்ரவரி 2ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கிய டபிள்யு.பி.ஏ.க்யூ. என்ற வானொலி நிலையம். அமெரிக்கா முழுதும் அறிந்தது முதலாவதை. எனக்கு அக்கறை இரண்டாவதில்.

நிலையத்தை நிறுவியவர் ரால்ஃப் எப்பர்சன். அந்தப் பக்கத்துக்காரர், வானொலிப் பொறியியல் அறிந்தவர். சனிக்கிழமைதோறும் ‘மெர்ரி கோ ரவுண்ட்’ என்ற நிகழ்ச்சி. சுற்றுவட்டாரத்திலிருந்து பிடிலும் பாஞ்சோவும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்தார்கள். சிலவற்றை நிலையத்தார் இசைத்தட்டுகளில் பதிந்தும் வைத்தார்கள். அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை ரவுண்டர் நிறுவனம் 1999இல் வெளியிட்டது.

இதைக் கேட்டவுடன் ‘நாட்டுப்புறக் கலையைக் காப்பாற்றிய நிலையம்’ என்று எழுதிவிடக் கை துடிக்கும். எழுதிவிட்டால் விமர்சனம் அங்கேயே முடிந்துபோகும். மலைப்பகுதியின் பழைய வாசிப்பை அழித்ததில் வானொலிக்கே பெரும் பங்கு. நாஷ்வில்லிலிருந்து 1925 முதல் ஒலித்த ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’யைக் கேட்டுத்தான் மலைக்கிராமத்துப் பையன்கள் தங்கள் தகப்பன்மாரின் வாசிப்பைப் பழசென்று ஒதுக்கினார்கள். 1945இன் இறுதியில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்கிரக்ஸின் மூன்று விரல் பாஞ்சோ வானலையில் பரவியபின், நகத்தால் தட்டி வாசிக்கும் பழைய முறை பின்னுக்குப் போயிற்று. டபிள்யு.பி.ஏ.க்யூ.வும் விளம்பரத்தில் பிழைத்த வியாபார நிலையம்தான்.

தூய்மை என்ற சொல்லையும் சந்தேகிக்க வேண்டும். பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம். கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பாட்டுகள் தேடி அலைந்தபோது கூடவே போய், மெட்டுகளை மனத்தில் வாங்கி வந்து கொடுத்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். அக்குடும்பத்தின் இசைத்தட்டுகளில் அவர் குரல் இல்லை. 1920களின் இசைத்தட்டு நிறுவனங்கள் வெள்ளையர் பாட்டுக்கு ஒரு பட்டியலும் கறுப்பர் பாட்டுக்கு வேறொன்றும் போட்டுப் பிரித்தன. நாம் ‘கண்ட்ரி’ என்று ஓர் அசல் சரக்கைப் போலச் சொல்வது இந்தப் பிரிவினையின் பிள்ளை.

அப்படியானால் இந்த நிலையத்தின் மதிப்பு எதில்? இன்னொரு ரால்ஃபோடு ஒப்பிட்டால் தெரியும். 1927 கோடையில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர், டென்னஸி‑வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டலுக்கு வந்து, பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். காப்புரிமை பெறத்தக்க பாட்டுகள் அவருக்கு வேண்டியிருந்தன. கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கே கிடைத்தார்கள். 1938இல் கார்ட்டர் குடும்பம் டெக்ஸாஸ் எல்லைக்குப் போயிற்று. மெக்ஸிகோவின் வீயா அக்குனாவிலிருந்த எக்ஸ்.இ.ஆர்.ஏ. நிலையம், அமெரிக்கா அனுமதித்த 50,000 வாட் வரம்பைப் பல மடங்கு மீறி, அவர்கள் குரலைக் கண்டம் முழுதும் கொண்டுபோயிற்று. பணம் கொடுத்தது மருந்து வியாபாரம். அந்தப் பாட்டுகள் நல்ல பாட்டுகள். ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பாடுகிறவர்களின் ஊர் தெரியாது.

மவுண்ட் ஏரியில் கேட்டவனுக்குத் தெரியும். பிடில் வாசிப்பவன் பக்கத்துப் பண்ணைக்காரன். அவனுடைய தகப்பன் அதே மெட்டை எப்படி வாசித்தான் என்பதும் தெரியும். வில் ஒரு இழுப்புத் தவறினால் மறுநாள் மாதா கோவில் வாசலில் கேள்வி வரும். மேபரியில் இது நடவாது. ஒரு போலீஸ்காரர், ஒரு முடிதிருத்துபவர், ஒரு அத்தை என்று இனிக்க இனிக்க ஊரைக் காட்டலாம்; பொய் என்று சொல்ல அங்கே வாழ்ந்தவன் ஒருவனும் இல்லை.

‘மண்வாசனை’ என்று முத்திரை குத்தி நாம் பாராட்டும் எழுத்துக்கும் இதே சோதனையைத்தான் வைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. எந்த ஊரைப் பற்றி எழுதினான் என்பது இரண்டாம்பட்சம். அவன் தவறைக் கண்டுபிடிக்கக்கூடியவர்களின் காதில் விழும்படி எழுதினானா? வட்டார வழக்கை வெளியூர் வாசகனின் ரசனைக்காக வாரி இறைப்பவன் மேபரி கட்டுகிறான். வாசகன் மயங்குவான், ஊர்க்காரன் சிரிப்பான்.

ஊர்க்காரனின் காதும் நியாயமான காதுதான் என்று நான் வாதிடவில்லை. யாரை உள்ளே விடலாம் என்பதில் அது கொடூரமாக இருக்கக்கூடும். ரிடிலின் கதை அதற்குச் சாட்சி. இருந்தும் அந்தக் காது இல்லாத இடத்தில் கலைக்குப் பொறுப்பு என்று ஒன்று மிஞ்சுவதில்லை.

எப்பர்சன் 2006இல் இறந்தார். சனிக்கிழமை நிகழ்ச்சி பின்னாளில் முக்கிய வீதியிலிருக்கும் ஏர்ல் என்ற பழைய சினிமாக் கொட்டகைக்கு இடம் மாறிற்று. அதே வீதியில் மேபரியைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். ஊருக்குச் சோறு போடுவதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எது பிரதி, எது ஊர் என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லை.