சொல்லற்ற மீநாயகச் சித்திரக்கதையில் நீர்மாசு: மெய்ப்பாட்டு நோக்கு

முன்னுரை

சொல்லின்றிக் கதை நகர்த்துவது மீநாயகச் சித்திரக்கதைக்குப் புதிதன்று. மார்வெல் நிறுவனம் 2002 பிப்ரவரித் தேதியிட்ட தன் இதழ்கள் பலவற்றை உரையாடலின்றி வெளியிட்டது. கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த 'நியூ எக்ஸ்-மென்' 121ஆம் இதழ் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. இருவர் மற்றொருவரின் மனத்துக்குள் நுழைந்து உண்மையைத் தேடுவதே அதன் கதை. மௌனத்துக்கான காரணம் கதையிலேயே உள்ளது. 1984இல் வெளிவந்த 'ஜி.ஐ. ஜோ' சாகசத் தொடரின் 21ஆம் இதழில் சிறைமீட்பே கதை. அங்கு உடலின் இயக்கமே போதுமானது. நீர்மாசைப் பொருளாகக் கொள்ளும் மீநாயகக் கதைக்கு இவ்வுத்தி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சமும் இளிவரலும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இவை புறத்தே நின்று அஞ்சச் செய்பவை. மீநாயகக் கதையின் எதிரியும் அத்தகையவனே. அவன்மேல் வெகுளியும், அவனை வென்றபின் பெருமிதமும் தோன்றுகின்றன. நீர்மாசு அவ்வாறு எதிர்நிற்பதில்லை. அது தரும் பிணியும் வருத்தமும் இளிவரலின் நிலைக்களன்கள். அச்சத்துக்குப் பழகிய கதைவடிவம் இளிவரலை உணர்த்த முற்படும்போது இடர்ப்படுவது இதனாலேயே.

மாசுக்கு முகம் தருதல்

1990இல் தொடங்கிய 'கேப்டன் பிளானட்' அசைவூட்டத் தொடர் வசனம் மிகுந்தது. ஆயினும் மாசு தீண்டியதும் அதன் நாயகன் வலுவிழப்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை; அவன் மெய்யே இயற்கையின் நிலையைக் காட்டிவிடுகிறது. அத்தொடரின் சிறப்பு இது. அதன் குறை, மாசின் பொறுப்பைச் சில கொடியவர்மேல் ஏற்றிவிடுவது. சொல்லற்ற கதையில் இவ்விடர் மிகுகிறது. பரவிக் கிடக்கும் காரணத்தை வரைய இயலாதபோது ஓவியர் ஒரு பூதத்தை வரைகிறார். பூதம் வீழ்ந்ததும் நீர் தெளிகிறது. கழிவை விட்டவரும் அதனால் பயன்பெற்றவரும் கட்டத்துக்கு வெளியே தப்பிவிடுகின்றனர். பீப்பாயில் மண்டையோட்டுக் குறி இடுவதும் தீர்வன்று. அது உருமாறிய சொல்லே.

மெய்யில் தோன்றும் மாசு

ஜப்பானின் மினமாட்டா நோய் 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அதற்குக் காரணமான மெத்தில் பாதரசம் கண்ணுக்குப் புலப்படுவதன்று. மனிதரிடம் நோய் அறியப்படுமுன்பே, மீனுண்ட பூனைகள் வலிப்புற்றுத் துள்ளின. மீன், பூனை, மனிதர் என்னும் இவ்வரிசையே சொல் வேண்டாத மூன்று கட்டங்களாக அமையத்தக்கது. நீரைப் பச்சையாகத் தீட்டுவதைவிட இது உண்மைக்கு நெருக்கமானது. கட்டங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை வாசகரே நிரப்புகிறார் என்பது ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலின் கருத்து. மீனுக்கும் பூனைக்கும் இடையிலுள்ள தொடர்பை இணைத்தறியும் வாசகர், ஆலைக்கும் மீனுக்கும் இடையிலுள்ளதையும் தாமே தேடத் தொடங்குவார்.

முடிவுரை

நீர்மாசின் துன்பத்தைக் காட்டச் சொல்லின்மை மிகப் பொருத்தமான உத்தி. பொறுப்பைச் சுட்டுவதற்கோ அது தனித்து நிற்கும் வலுவுடையதன்று. பூதத்தை வரையாதிருக்கும் கட்டுப்பாடும் உடன் வேண்டும். நாயகன் குழாயை அடைக்கலாம், பிணியுற்றோரைச் சுமக்கலாம். இறுதிக் கட்டத்தில் நீர் உடனே தெளிந்துவிட்டால், கதை தான் எடுத்துக்கொண்ட பொருளையே பொய்யாக்கிவிடுகிறது.