முடிவை இழந்த விளையாட்டு

ஒரு படைப்பைத் திறனாய்வு செய்கையில் அதன் கருவையும் வடிவையும் நோக்குகிறோம். அதற்கான காசு எவ்வழியில் வாங்கப்படுகிறது என்று கேட்பதில்லை. வீடியோ விளையாட்டைப் பொறுத்தவரை இப்பழக்கம் நமக்குப் போதாது. இங்கே காசு வாங்கும் முறையே படைப்பின் வடிவத்தை வகுத்துவிடுகிறது. அரை நூற்றாண்டு வரலாறு இதற்குச் சான்று.

1972-இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 'பாங்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1978-இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-இல் 'பாக்மேன்' வந்தன. பொது இடங்களில் நின்ற பெட்டியில் நாணயம் போட்டு ஆடியவை இவை. ஆடுபவரின் திறமை வளர வளர இடரும் வளரும். அவர் தோற்றால்தானே அடுத்த நாணயம் விழும்! ஆகவே தோல்வியே இவ்விளையாட்டுகளின் இலக்கணமாயிற்று.

வீட்டில் ஆடும் விளையாட்டுகள் பெருகியபோது, தரமற்ற சரக்கும் உடன் குவிந்தது. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காத சரக்கை அடாரி நியூ மெக்சிகோவின் பாலைநிலத்தில் புதைத்தது; 2014-இல் அதில் ஒரு பகுதி தோண்டி எடுக்கப்பட்டது. அச்சரிவுக்குப் பின் தலைநிமிர்ந்தது ஜப்பானின் நின்டெண்டோ. 1985-இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்', 1986-இல் 'செல்டா' வெளிவந்தன. இளமையில் தம் ஊர்க் குன்றுகளிலும் குகையிலும் திரிந்த அனுபவத்தையே 'செல்டா'வாக வடித்தார் ஷிகேரு மியாமோட்டோ. விலை ஒருமுறை கொடுத்தாயிற்று. இனி ஆடுபவரைத் தோற்கடிப்பதில் விற்றவருக்கு இலாபமில்லை. எனவே, கதைக்கு முடிவு வாய்த்தது. ஆடியவர் நிறைவோடு எழுந்து போகலாம்.

அம்முடிவு பின்னர் மெல்ல மெல்லப் பறிபோயிற்று. 2006-இல் 'ஆப்லிவியன்' என்னும் விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசம் இரண்டரை டாலருக்குத் தனியே விற்கப்பட்டது. பலர் நகைத்தனர், வணிகர்கள் பாடம் கற்றனர். 2012-இல் 'கேண்டி கிரஷ் சாகா' இலவசமாகவே வந்தது. அதில் ஐந்து உயிர்கள் உண்டு. ஓர் உயிர் திரும்ப முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லையெனில் காசு கொடுக்கலாம். கவனியுங்கள்: இங்கே விற்பனைப் பொருள் இன்பமன்று, பொறுமையின்மை. அதை உருவாக்கிய கிங் நிறுவனத்தை 2016-இல் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் 590 கோடி டாலருக்கு வாங்கியது. அந்நிறுவனத்தையே 2023-இல் மைக்ரோசாப்ட் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கியது.

உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளும் வந்தன. அவற்றுள் சிலவற்றைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டமென அறிவித்தது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், சிறுவரின் தகவல்களைத் திரட்டியது, விரும்பாத கொள்முதலுக்கு ஆடுபவரைத் தள்ளியது ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில், 2022-இல் அமெரிக்க அரசு ஆணையத்துடன் 52 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

இலவசம் என்பதால் ஏழைச் சிறுவனுக்கும் கதவு திறந்தது உண்மையே. அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், காசு கொடுக்காத பலரின் கூட்டமும், அளவிறந்து கொடுக்கும் சிலரும் சேர்ந்தே இவ்வணிகத்தைத் தாங்குகின்றனர். தம்மைக் கட்டுப்படுத்த இயலாதவர் அச்சிலருள் இருப்பரெனில், அவர்களின் பலவீனமே முதலீடாகிவிடுகிறது.

வேறு வழியில்லையா? உண்டு. 2016-இல் எரிக் பரோன் என்னும் இளைஞர் தனியொருவராய் உழைத்து 'ஸ்டார்டியூ வேலி'யை வெளியிட்டார். ஒரே விலை, பின்னர்ச் சேர்த்த பகுதிகளுக்கும் அவர் தனிக் காசு கேட்கவில்லை. 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' முழுமையான படைப்பாகவே விற்கப்பட்டு, பெரும் வரவேற்பும் பெற்றது. நேர்மையும் வணிகமும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

பிள்ளைகள் எத்தனை மணி நேரம் ஆடுகின்றனர் என்று மட்டுமே நாம் கேட்டு வருகிறோம். அவர்கள் ஆடும் விளையாட்டு எப்போது, எதற்காகக் காசு கேட்கிறது என்றும் அருகமர்ந்து பார்ப்போம். நல்ல நூல் தன் கடைசிப் பக்கத்தில் நம்மை விடுவிக்கிறது. நல்ல விளையாட்டுக்கும் அக்கடமை உண்டு.