சென்டினலைக் காப்பாற்றியது ஸ்க்ரம்தானா?

ப்ராஜெக்ட் மேலாண்மை பற்றிப் பேச ஆரம்பித்தால் எப்படியும் எஃப்.பி.ஐ. கதை வந்துவிடும். பத்து வருடம் பணத்தைக் கொட்டியும் எழுந்து நிற்காத கணினி அமைப்பை ஸ்க்ரம் வந்து தூக்கி நிறுத்தியது என்பார்கள். இந்தக் கதை இவ்வளவு பரவியதில் ஜெஃப் சதர்லாந்தும் அவர் மகன் ஜே.ஜே. சதர்லாந்தும் எழுதி 2014-ல் வந்த ‘ஸ்க்ரம்’ புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் முதல் அத்தியாயமே இதில்தான் தொடங்குகிறது. பாதி நேரத்தில் இரண்டு மடங்கு வேலை என்று அட்டையிலேயே வாக்குறுதி வேறு. புத்தகம் படிக்க சுவாரசியம்தான். என் சண்டை அந்த முதல் அத்தியாயத்தோடு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் கிடந்த வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற, 2001-ல் எஃப்.பி.ஐ. ‘வர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற மென்பொருளைத் தொடங்கியது. செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அவசரம் கூடியது. கெடு முன்னே இழுக்கப்பட்டது, தேவைகளும் ஏறிக்கொண்டே போயின. தேவைகளை எழுதிய ஆவணம் மட்டும் 800 பக்கத்துக்கு மேல். பழைய அமைப்பை ஒரே நாளில் அணைத்துவிட்டுப் புதியதுக்குத் தாவுவதுதான் திட்டம், திரும்பிவர வழி வைக்கவில்லை. 2005-ல் 17 கோடி டாலர் செலவோடு அதைக் கைவிட்டார்கள்.

அடுத்தது சென்டினல். 2006-ல் லாக்ஹீட் மார்ட்டினுக்கு ஒப்பந்தம், நான்கு கட்டங்களாக முடிப்பதாகப் பேச்சு. 2010 ஆகஸ்டில் 45.1 கோடி டாலர் பட்ஜெட்டில் 40.5 கோடி போயிருந்தது. வந்தது இரண்டு கட்டம்தான். மீதியை முடிக்க இன்னும் குறைந்தது 35.1 கோடியும் ஆறு வருடமும் ஆகும் என்று மைட்டர் நிறுவனம் மதிப்பிட்டது. எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பகுதியை முடித்து ஓட்டிக் காட்டுவது என்ற ஸ்க்ரம் பாணியில் போய், 2012 ஜூலை 1 அன்று சென்டினல் எல்லோருக்கும் திறந்தது.

இதில் ஸ்க்ரமுக்கு எவ்வளவு பங்கு? புத்தகம் தருகிற பங்கு ரொம்பவே அதிகம் என்பது என் எண்ணம். 2010 செப்டம்பரில் போட்ட கணக்குப்படி அது ஒரு வருடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனது 22 மாதம். 2011 அக்டோபரில் நிறையப் பேரை ஒரே நேரத்தில் உள்ளே விட்டுச் சோதித்தபோது அமைப்பு இரண்டு முறை படுத்தது. பழைய வன்பொருள் தாங்கவில்லை, புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. ஆறு வருடத்தோடு ஒப்பிட்டால் 22 மாதம் பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘பாதி நேரம்’ என்பது எதில் பாதி? தன் சொந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் எடுத்த வேலை இது. இன்னொன்று, வெறுந்தரையில் இருந்தும் அவர்கள் தொடங்கவில்லை. ஏற்கெனவே செலவான 40 கோடியில் இரண்டு கட்டமும், என்ன வேண்டும் என்ற தெளிவும் கையில் இருந்தன. அந்தச் செலவை ‘பழைய முறை’யின் பெயரில் எழுதிவிட்டு, பலனை மட்டும் புதிய முறையின் பெயரில் எழுதினால் எந்த முறையும் ஜெயிக்கும்.

அப்படியானால் எது காப்பாற்றியது? எனக்குத் தெரிந்து அந்தக் கதையின் முக்கியமான நாள் 2010 ஜூலையில் வருகிறது. மிச்சமிருந்த கட்டங்களை நிறுத்து என்று எஃப்.பி.ஐ. உத்தரவு போட்ட நாள். அந்த மார்ச்சிலேயே ஒரு பகுதியை நிறுத்தியிருந்தார்கள். 40 கோடி போன பிறகு ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் வேண்டும், சொன்னால் தலை தப்பும் என்ற தைரியமும் வேண்டும். அதற்குப் பிறகு ஆட்களையும் வெட்டினார்கள். இருநூறுக்கு மேல் இருந்த ஒப்பந்த ஊழியர்கள் சில பத்துப் பேராகக் குறைந்தார்கள். தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். அதைத் திருப்பிப் போட்டுச் செய்தது மாதிரிதான் இது. நிறுத்தியதற்கும் வெட்டியதற்கும் ஸ்க்ரம் தேவைப்படவில்லை.

முதல் முயற்சியில் இல்லாமல் போனது இதுதான். தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2004-லேயே அந்த ‘ஒரே நாள் தாவல்’ வேண்டாம் என்று எழுதியது. அதற்கும் முன்னால், 2002-ல், ஒப்பந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர் தன் கவலைகளைப் பொதுவெளியில் எழுதினார். அவருடைய மேலதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவரைப் பற்றி எஃப்.பி.ஐ.யிடமே புகார் கொடுத்தார்கள். கெட்ட செய்தி கொண்டுவந்தவனை விசாரிக்கிற இடத்தில் தினமும் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டு கூட்டம் போட்டால் மட்டும் என்ன மாறிவிடும்?

ஊகம் மட்டுமில்லை, எதிர் உதாரணமும் இருக்கிறது. பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் திட்டம் தொடக்கத்திலேயே அஜைல் முறையை, அதாவது ஸ்க்ரம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்து முறையை, எடுத்துக்கொண்டது. 2013-ல் மொத்தமாக நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த தேசியத் தணிக்கை அலுவலக அறிக்கை 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள கணினி வேலை கணக்கிலிருந்து கழிக்கப்பட்டதைச் சொல்கிறது. கூடவே, உள்ளே கோட்டை மனப்பான்மையும் நல்ல செய்தியை மட்டும் மேலே அனுப்புகிற பழக்கமும் இருந்ததாகச் சொல்கிறது. முறை கிட்டத்தட்ட அதேதான். சதர்லாந்த் புத்தகம் இந்த மாதிரிக் கதைகள் பக்கம் நின்று பேசியிருந்தால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை கூடியிருக்கும்.

ஸ்க்ரமுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற பொருளைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ‘90 சதவீதம் முடிந்தது’ என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பொய்யை மறைத்து வைக்க இடம் குறைகிறது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் காட்டியதைப் பார்த்துவிட்டு மேலே இருப்பவர் என்ன செய்வார் என்பதைப் பற்றிப் புத்தகம் அநேகமாகப் பேசுவதே இல்லை. நம்ம ஊர் ஐ.டி. ஆட்கள் இதைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்வதும் கூட்டத்தையும், சுவரில் ஒட்டுகிற மஞ்சள் சீட்டையும், சான்றிதழையும்தான். எந்தத் தொகைக்கு மேல் போனால் நிறுத்துவது, யார் நிறுத்துவது என்று முதல் நாளே எழுதிவைத்த ப்ராஜெக்ட் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

புத்தகத்தை வாங்குபவர்கள் முதல் அத்தியாயத்தை முடித்ததும் அமெரிக்க நீதித்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் சென்டினல் பற்றி வெளியிட்ட அறிக்கைகளில் 2010-ல் வந்ததையும் 2011-ல் வந்ததையும் எடுத்துப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நடை வறட்சிதான், ஆனால் வன்பொருள் படுத்த கதை முழுசாக அங்கேதான் இருக்கிறது.